கலைந்துபோன ராக் குழுவைக் காலம் கடந்து கண்டுபிடித்தால்: ஸ்ட்ரீமிங்கா, டவுன்லோடா, பழைய சிடியா, இசைத்தட்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் ராக் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தாமான் வீடுகளில் இருக்கிறார்கள், இன்னும் தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். “அண்ணே, இந்த பேண்ட் நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே கலைஞ்சிடுச்சு. இப்பதான் கேட்டேன், விட முடியல. எதுல காசு போட்டா நல்லது?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமிங்கில் ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேளுங்கள். மனதில் நின்றால், அந்த ஆல்பத்தைக் குழுவிடமிருந்தே டவுன்லோடாக வாங்குங்கள். சிடி, இசைத்தட்டு எல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. சம்பளம், வீட்டில் இருக்கும் சாமான், எந்தக் குழு என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறும். அதனால்தான் நான்கு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரே குழுவை எடுத்துக்கொள்கிறேன்: கேலக்ஸி 500. எனக்கு மிகவும் நெருக்கமான குழு. அதோடு, தாமதமாக வந்து சேரும் ரசிகருக்கு வரக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இவர்கள் கதையில் இருக்கின்றன. கிட்டாரும் குரலும் டீன் வேர்ஹாம், டிரம்ஸ் டேமன் குருகோவ்ஸ்கி, பேஸ் நவோமி யாங். மூன்றே பேர். 1987இல் பாஸ்டன் பக்கம் தொடங்கினார்கள். 1988இல் ‘டுடே’, 1989இல் ‘ஆன் ஃபயர்’, 1990இல் ‘திஸ் இஸ் அவர் மியூசிக்’ என்று மூன்று ஆல்பங்கள். 1991இல் வேர்ஹாம் விலகினார், கதை முடிந்தது. அதே வருடம் அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனியான ரஃப் டிரேடின் அமெரிக்கக் கிளை திவாலானது. மாஸ்டர் டேப்புகள், அதாவது பாட்டுகளின் மூல ஒலிப்பதிவுகள், ஏலத்துக்கு வந்தன. டேமனும் நவோமியும் போய்த் தங்கள் பாட்டுகளைத் தாங்களே ஏலத்தில் எடுத்தார்கள். இந்த ஏலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அவர்கள் இசை அவசரப்படாத இசை. தாளம் மெதுவாக நடக்கும், கிட்டார் எதிரொலியில் நனைந்திருக்கும், வேர்ஹாமின் குரல் உச்சத்தில் உடைவதுபோல் வந்து உடையாமல் நிற்கும். நவோமியின் பேஸ் அடியில் முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். 1989இல் நம் ஊர் கேசட் கடைகளில் ஒரு பக்கம் இளையராஜா, இன்னொரு பக்கம் சர்ச், விங்ஸ் போன்ற மலாய் ராக் குழுக்கள். அமெரிக்காவின் சிறிய கம்பெனி ஒன்றின் கேசட் பேராக்கின் தோட்ட ஊர்வரை வர அன்றைக்கு வழியே கிடையாது. நம்மில் யாரும் அன்று எதையும் தவறவிடவில்லை, அது வந்து சேரவே இல்லை. அதனால் தாமதமாகக் கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். குழுவின் பாட்டுகள் முழுதாகக் கிடைக்கின்றனவா? விலைச்சீட்டில் இல்லாத செலவையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? நம் ஊர் வெக்கை, ஈரம், சிக்னல் இவற்றுக்குத் தாங்குமா? பத்து வருடம் கழித்தும் நம் கையில் இருக்குமா? கடைசியாக, நாம் கொடுக்கும் காசு அந்தப் பாட்டை உண்டாக்கியவர்களுக்குப் போகிறதா?

கடைசிக் கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். பெரிய குழுக்களுக்கு நம் பத்து வெள்ளி (ரிங்கிட்) பொருட்டே இல்லை. யாரும் கவனிக்காமல் விட்ட குழுவுக்கு, முப்பது வருடம் கழித்து ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார் என்பதே பெரிய செய்தி.

| | ஸ்ட்ரீமிங் | டவுன்லோடு | பழைய சிடி | புது இசைத்தட்டு |
|---|---|---|---|---|
| முழுமை | பெரும்பாலும் ஆல்பங்கள், விடுபடல் உண்டு | நன்று, அரிய பதிவுகளும் சில சமயம் | அந்தந்தப் பதிப்பைப் பொறுத்தது | மறுபதிப்பு வந்தவை மட்டும் |
| மொத்தச் செலவு | மாதாமாதம், முடிவில்லை | ஒரு தடவை, குறைவு | நடுத்தரம் | அதிகம், கருவியும் வேண்டும் |
| வெக்கை, ஈரம், சிக்னல் | சிக்னலை நம்பியது | கவலை இல்லை | ஈரம் எதிரி | வெக்கையும் ஈரமும் எதிரி |
| பத்து வருடம் கழித்து | உறுதி இல்லை | நகல் எடுத்து வைத்தால் உண்டு | பராமரித்தால் உண்டு | பராமரித்தால் உண்டு |
| குழுவுக்குப் போகும் காசு | மிகக் குறைவு | அதிகம் | இல்லை | ஓரளவு |

அட்டவணை பாதி விஷயத்தைத்தான் சொல்லும். மீதி கீழே.

## ஸ்ட்ரீமிங்

ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவுக்கு வந்தது. யூடியூபையும் சேர்த்தால், தோட்டத்துப் பிள்ளை ஒருவர் செலவே இல்லாமல் உலகத்தின் எந்த மூலைக் குழுவையும் கேட்கலாம். என் தலைமுறைக்குக் கிடைக்காத வசதி இது, மனதார மெச்சுகிறேன்.

ஆனால் இது உங்களுக்குக் காட்டுவது எந்தப் பாட்டை என்று கவனியுங்கள். ஸ்பாட்டிஃபையில் கேலக்ஸி 500இன் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்ற பாட்டு மற்றவற்றையெல்லாம் விட்டு எங்கோ முன்னால் போய்க்கொண்டிருப்பதை டேமனே கவனித்தார். அது சிங்கிளாகக்கூட, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனிப் பாட்டாகக்கூட, வந்ததில்லை. காரணம் தேடியபோது, 2017 ஜனவரியில் வந்த மாற்றத்தில் போய் நின்றது. நாம் போட்ட பாட்டு முடிந்ததும் செயலி தானாக அடுத்த பாட்டைப் போடும் வசதி, அப்போதிலிருந்து எல்லோருக்கும் இயல்பாகவே இயங்க ஆரம்பித்தது. மற்றக் குழுக்களின் பாட்டோடு அதிகம் ஒத்துப்போகிற பாட்டைத்தான் கணினி தேர்ந்தெடுக்கும். பேவ்மெண்ட் குழுவுக்கும் இதே கதை. 1999இல் ஒரு சின்ன வெளியீட்டின் ஓரத்தில் கிடந்த ‘ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்’ இன்று அவர்களுடைய மற்ற எல்லாப் பாட்டையும் முந்திவிட்டது.

இதனால் நமக்கு என்ன? தானாக வந்த ஒரு பாட்டை வைத்து ஒரு குழுவை எடைபோட்டால், அந்தக் குழுவின் தனித்தன்மை குறைவாக இருக்கும் இடத்தில் நின்று எடைபோடுகிறோம். ஆகவே ‘பிரபலமானவை’ என்ற பட்டியலைத் தள்ளிவிட்டு, ‘ஆன் ஃபயர்’ ஆல்பத்தைத் திறந்து வரிசையாகக் கேளுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்குக் காசு தேவையில்லை.

அடுத்தது கூலி. இதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் உண்டு. 2012இன் முதல் மூன்று மாதங்களில் பண்டோரா என்ற அமெரிக்க இணைய வானொலி இவர்களுடைய முதல் சிங்கிளை 7,800 முறை ஒலிபரப்பியது. பாட்டை எழுதியவர்கள் என்ற முறையில் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 21 சென்ட், ஆளுக்கு 7 சென்ட். 1988இல் ஆயிரம் சிங்கிள் இசைத்தட்டுகளை அச்சடித்து விற்றுச் சம்பாதித்திருக்கக் கூடியதை 2012இன் ஸ்ட்ரீமிங்கில் எட்ட வேண்டுமானால் 1 கோடியே 30 லட்சம் முறைக்கு மேல் அந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று டேமன் கணக்குப் போட்டு எழுதினார். இதற்கு மேல் 2024இல் ஸ்பாட்டிஃபை இன்னொரு விதி கொண்டுவந்தது. கடந்த 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைப் பணமே கிடையாது. கேலக்ஸி 500 அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதைவிடச் சிறிய குழுக்கள் தாண்டாது. நீங்கள் கண்டுபிடித்தது அப்படி ஒரு குழு என்றால், நூறு தடவை கேட்டாலும் அவர்களுக்கு ஒரு காசுகூடப் போகாமல் இருக்கலாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டணத்தில் சிக்னல் பரவாயில்லை, செம்பனைக்குள் போய்விட்டால் போச்சு. ஆஃப்லைனில் கேட்கச் சந்தா கட்ட வேண்டும், கட்டினாலும் 30 நாளுக்கு ஒரு தடவையாவது செயலி இணையத்தைத் தொட வேண்டும். உரிமை கை மாறினால் ஒரு ஆல்பம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். ஒரு வருடச் சந்தாவைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு புது இறக்குமதி இசைத்தட்டின் விலை. சந்தாவை நிறுத்திய மறுநாள் சேர்த்து வைத்தது எதுவும் கையில் இருக்காது.

நாளுக்கு ஒரு குழு என்று அலைந்து தேடும் கட்டத்தில் இருப்பவருக்கு ஸ்ட்ரீமிங்கே போதும். இன்னும் எதன்மேலும் மனம் நிற்கவில்லை என்றால் வேறு எதற்கும் காசு போட வேண்டாம்.

## டவுன்லோடு

பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஆல்பத்தை ஒரு தடவை விலைகொடுத்து வாங்கி, கோப்பாக இறக்கிக்கொள்வது. பொதுவாக ஒரு ஆல்பம் 7 முதல் 10 டாலர் வரும். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 விழுக்காடு. பணம் கைமாறும் கட்டணம் போக மிச்சம் விற்பவருக்கு. 2020 மார்ச்சிலிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அவசரம் இல்லாதவர்கள் அந்த நாளுக்குக் காத்திருக்கலாம்.

இங்கேதான் அந்த ஏலம் வருகிறது. ‘விற்பவர்’ யார் என்பதைப் பாருங்கள். கேலக்ஸி 500இன் மாஸ்டர்கள் குழுவில் இருந்தவர்கள் கைக்கே வந்ததால், நாம் கொடுப்பது அவர்களுக்குப் போகிறது. பக்கத்தை நடத்துவது கம்பெனி என்றால், குழுவுக்குப் போவது ஒப்பந்தத்தில் உள்ள பங்கு மட்டும். பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழு இன்னொரு மாதிரி. 1972இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் விநியோகம் சரியாக அமையாமல் கடைகளில் தட்டே கிடைக்கவில்லை. அந்த ஆல்பத்தில் இருந்த நால்வரில் மூவர் இறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட குழுவுக்கு ‘காசு யாருக்குப் போகிறது’ என்ற அளவுகோலின் எடை குறையும், மற்ற நான்கையும் வைத்து முடிவெடுக்கலாம்.

தரத்தில் குறை இல்லை. ஃப்ளாக் என்ற வடிவில் இறக்கினால் சிடியில் உள்ளது அப்படியே வரும், நாற்பது நிமிட ஆல்பத்துக்குச் சுமார் 250 எம்பி. ஊரில் வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும், அப்புறம் தோட்டத்து வீட்டிலும் மழை நாளிலும் தடங்கலில்லாமல் ஓடும். பழைய ஒலிப்பதிவுகள் புதிதாக வெளிவருவதும் உண்டு. 2024இல் கேலக்ஸி 500இன் வெளிவராத, அரிய பதிவுகளைத் தொகுத்து ‘அன்கலெக்டட் நாய்ஸ் நியூ யார்க்’ என்ற தொகுப்பு வந்தது.

இதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு உண்டு. பல வங்கி அட்டைகளில் வெளிநாட்டுக் கொள்முதலை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பணம் போகாது. டாலரை மாற்றுவதற்கு வங்கி ஒரு சிறு தொகை பிடிக்கும். கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. ஹேண்ட்போன் ஒன்றில் மட்டும் வைத்திருந்தால், அது தொலைந்த அன்றைக்குப் பாட்டும் தொலைந்தது.

மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில் வாங்குகிற இளையவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

## பழைய சிடி

கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், அட்டையைப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது. இந்தக் குழுவின் அட்டைகளை வடிவமைத்தவரும் நவோமி யாங்தான். ஆகவே அட்டை இல்லாமல் கேட்பது பாதி கேட்டதுபோலத்தான் என்று வாதிடுகிறவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 1996இல் ரைகோடிஸ்க் கம்பெனி மூன்று ஆல்பங்களையும் மற்றப் பதிவுகளையும் சேர்த்து நான்கு சிடிப் பெட்டியாக வெளியிட்டது. நல்ல நிலையில், நியாயமான விலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

தேடும் இடங்கள்: கரோசெல், ஷோப்பி, வெளிநாட்டுக்கு டிஸ்காக்ஸ். நேரில் பார்த்து வாங்க வேண்டும் என்றால் பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழைய பொருள் சந்தை. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் போய்வரும் செலவு சிடியின் விலையைத் தாண்டிவிடும். வேறு வேலையாக கோலாலம்பூர் போகும்போது எட்டிப் பார்த்தால் சரி.

பழைய சிடி வாங்கும்போது இரண்டு விஷயம். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் பல, ஓரத்திலிருந்து செம்பு நிறமாகப் பழுத்து, போகப் போக ஓடாமல் போகின்றன. பிரிட்டனின் சின்ன கம்பெனிகளின் சிடிகளும் அங்கே அச்சாகியிருக்கின்றன, வருடங்களும் நமக்கு வேண்டிய அதே வருடங்கள். உள்வட்டத்தில் ‘மேட் இன் யுகே பை பிடிஓ’ என்று இருந்தால், அடிப்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, நம் ஊர் ஈரம். அட்டைப் புத்தகம் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

மடிக்கணினிகளில் இப்போது சிடி போடும் இடமே இல்லை, ஆகவே யுஎஸ்பி டிரைவ் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும். வாங்கியதும் முதல் வேலையாகக் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

பழைய சிடியில் குழுவுக்கு ஒரு காசும் போகாது. இதை மறைக்க வேண்டியதில்லை. சிடி வாங்கியவர் ஒரு ஆல்பத்தை டவுன்லோடாகவும் வாங்கிவிட்டால் என் மனக்கணக்கில் நேராகிவிடும்.

## புது இசைத்தட்டு

அழகு, சந்தேகமே இல்லை. இந்த மாதிரி எதிரொலி நிறைந்த, மெதுவான இசையைப் பக்கம் பக்கமாக உட்கார்ந்து கேட்பது தனி அனுபவம். ஆனால் நம் ஊரில் இருந்துகொண்டு இதில் இறங்குவது மிகவும் செலவுள்ள முடிவு, முதல் தட்டை வாங்கும்முன் முழுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டின் விலையோடு நிற்காது. வெளிநாட்டிலிருந்து வரும்போது தபால் செலவு சில சமயம் தட்டின் விலையைத் தொடும். 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்குள் இணையத்தில் வாங்கும் இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, பதிவு பெற்ற விற்பனையாளர்கள் அதை விலையோடு சேர்த்துப் பிடிப்பார்கள். அப்புறம் தட்டு ஓட்டும் கருவி. பெட்டி மாதிரி மூடி எடுத்துப்போகும் மலிவான கருவிகளில் ஊசி பொதுவாக 5 கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல கருவியில் 2 கிராம் அளவுதான். இருநூறு வெள்ளித் தட்டை அந்த ஊசியின் கீழ் வைக்க எனக்கு மனம் வராது.

வெக்கை இன்னொரு பக்கம். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் விழும் சுவரோரம் சாய்த்து வைத்தால் தட்டு வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் அன்றே வளையும். கூரியர்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போகும் பார்சலுக்கும் இதே ஆபத்து, ஆகவே வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து வரவழையுங்கள். பேராக்கின் சாயங்கால இடி மின்னல் சொல்லவே வேண்டாம், ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைக் கழற்றி வைப்பது பழக்கமாக வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கருவி இருக்கிறது, அப்பாவோ பெரியப்பாவோ விட்டுப்போன தமிழ்ப் பாட்டுத் தட்டுகளும் இருக்கின்றன என்றால் கணக்கே வேறு. அந்த வீட்டுக்கு ஒரு தட்டின் விலை மட்டும்தான் செலவு, தாராளமாக வாங்கலாம். மூன்று ஆல்பத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் ‘ஆன் ஃபயர்’. குழுவின் சொந்தக் கடையிலோ அவர்கள் காட்டும் கடையிலோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## கேசட்டும் உள்ளூர்க் குழுக்களும்

வெளிநாட்டுக் குழுவின் பழைய கேசட்டுக்கு அலைய வேண்டாம். முப்பது வருடம் நம் ஈரத்தில் கிடந்த டேப்பில் வெள்ளையாகப் பூசணம் படிந்திருக்கும், பிளேயரின் ரப்பர் பெல்ட்டும் இளகிப் பிசுபிசுத்திருக்கும். அதே பாட்டு வேறு வடிவில் சுத்தமாகக் கிடைக்கிறது.

மலேசியக் குழுக்களின் விஷயத்தில் மட்டும் நான் சொன்ன வரிசை தலைகீழாகும். பட்டர்ஃபிங்கர்ஸ் போல 1996இல் முதல் ஆல்பம் போட்டுப் பெயர் வாங்கிய குழு என்றால் தேடுவதில் பெரிய சிரமம் இல்லை. அதே காலத்தில் கையால் நகலெடுத்து நண்பர்களுக்குள் விற்ற சின்னக் குழுக்களின் பாட்டு ஸ்ட்ரீமிங்கிலும் இருக்காது, சிடியாகவும் வந்திருக்காது. அந்தக் கேசட்தான் ஒரே பிரதியாக இருக்கும். விலை கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும் வாங்கிவிடுங்கள்.

வாங்கியதும் நல்ல டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூசணம் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய பிளேயர் ஒன்றை ரிப்பேர் கடையில் பெல்ட் மாற்றி வாங்கி, அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு வயர் இழுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வேலையை அந்தப் பதிவின் நகலில் செய்யுங்கள், மூலப் பதிவைத் தொட வேண்டாம். உறையில் உள்ள பெயர்களைப் பார்த்து, குழுவில் இருந்தவர் யாராவது ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அந்தப் பாட்டு அவரிடமே இல்லாமல் இருக்கக்கூடும். வெளியில் போடலாமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.